கேமராவுக்கு உலர்பெட்டி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேமராவையும் லென்ஸையும் ஈரம் அண்டாமல் வைக்க, கடைகளில் டிரை கேபினெட் என்ற பெயரில் விற்கப்படும் மின் உலர்பெட்டியைப் பற்றித் தருமபுரி, பென்னாகரம், அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துப் படப்பிடிப்பாளர்கள் என்னிடம் தொடர்ந்து கேட்டுவரும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். திருமணப் படப்பிடிப்பே என் தொழில். லென்ஸ் ஒன்றைப் பூஞ்சைக்குப் பறிகொடுத்த பிறகுதான் இந்தப் பெட்டி வேலை செய்யும் விதத்தை அக்கறையோடு கற்றுக்கொண்டேன்.

நம் மாவட்டம் வறண்ட பூமியாயிற்றே, இங்கே உலர்பெட்டி எதற்கு?

நியாயமான கேள்வி. சென்னையிலோ கடலூரிலோ இருப்பவருக்கு உள்ள தேவை நமக்கு ஆண்டு முழுவதும் கிடையாது. பங்குனி, சித்திரை மாதங்களின் பிற்பகலில் என் அலமாரியில் இருக்கும் ஈரப்பதமானி 30 சதவீதத்துக்கும் கீழே காட்டுவது வழக்கம். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் அதில் இருக்கிறது என்பது. அது வெப்பநிலையோடு சேர்ந்தே மாறுகிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 டிகிரியில் ஏறத்தாழ 17 கிராம்தான் தாங்கும். ஆகவே பகலில் 30 டிகிரியில் 50 சதவீதம் என்று காட்டிய அதே காற்று, ஒரு சொட்டு நீரும் கூடாமலேயே, பின்னிரவில் 20 டிகிரிக்குக் குளிரும்போது 88 சதவீதத்தை எட்டிவிடுகிறது. பகலில் கொளுத்தி இரவில் குளிரும் நம் ஊருக்கு, குறிப்பாக ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதிக்கு, இது நன்றாகவே பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் மழை வலுக்கும் காலம் ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசி, கார்த்திகை வரை. இடையில் வரும் புரட்டாசியில் பலர் திருமணம் வைப்பதில்லை. பனி இறங்கும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. காற்றில் ஈரம் மிகும் நாட்களும் கேமரா பையை விட்டு வெளியே வராத நாட்களும் இப்படி ஒன்றாக வந்து சேர்கின்றன. பூஞ்சைக்கு வேண்டிய ஈரம், இருட்டு, அசையாத காற்று ஆகிய மூன்றும் அப்போது ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன.

பூஞ்சை பிடித்த லென்ஸ் எப்படி இருக்கும்?

என் அனுபவத்தையே சொல்கிறேன். 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் தோல் உறையில் போட்டு, இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். பீரோவுக்குப் பின்னால் இருந்தது மழையில் ஓதமேறும் வடக்குச் சுவர். தை முகூர்த்தத்துக்காக எடுத்துப் பார்த்தபோது வெளியே எந்தக் குறையும் தெரியவில்லை. லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்தபோதுதான் விளிம்பின் ஒரு மூலையிலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள் கிளை கிளையாகப் பிரிந்து படர்ந்திருப்பது தெரிந்தது. பழுது பார்ப்பவர் லென்ஸைப் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். இழைகள் போய்விட்டன, அவை படர்ந்த தடம் மட்டும் சாம்பல் நிறக் கோடுகளாகப் பூச்சின்மேல் நின்றுவிட்டது. பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் எந்தத் துடைப்பாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இன்றும் அந்த லென்ஸில் குத்துவிளக்குச் சுடரை எதிர்முகமாக எடுத்தால் படத்தின்மேல் மெல்லிய புகை படிந்ததுபோல் தெரிகிறது.

பெட்டிக்குள் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்?

40 முதல் 50 வரை. நான் 45-இல் வைத்திருக்கிறேன். பூஞ்சை 70 சதவீதத்துக்கு மேல் செழித்து வளரும். 60-க்குக் கீழே அதன் வளர்ச்சி பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் 20 சதவீதத்துக்கு இறக்கிவிட்டால் இன்னும் பாதுகாப்புதானே என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 30-க்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் கேமராவின் ரப்பர்ப் பிடிப்பும் தோல் வாரும் நெகிழ்வை இழக்கக்கூடும். பெட்டியால் ஈரத்தை வெளியேற்றத்தான் முடியும், சேர்க்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். சித்திரை வெயிலில் திரையில் 30 என்று தெரிந்தால் பெட்டியில் கோளாறு என்று பயப்பட வேண்டாம், அறைக் காற்றே அவ்வளவு வறண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

உடனே பெட்டி வாங்கிவிடலாமா?

முதலில் ஓர் ஈரப்பதமானியை வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் கருவியே போதும். நீங்கள் கேமரா வைக்கும் அதே அலமாரித் தட்டில் அதை வைத்து, காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் காட்டும் எண்ணை மழைக்காலத்தில் இரண்டு வாரம் குறித்து வாருங்கள். காலையில்கூட 60-ஐத் தாண்டவில்லை என்றால், வாரம் ஒருமுறையாவது கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துகிறவர் என்றால், உங்களுக்கு மின்பெட்டி அவசரமில்லை. நாள்தோறும் பல மணி நேரம் 65, 70 என்று நின்றால் அப்போது வாங்குங்கள். ஓட்டு வீடா, மாடி அறையா, ஓதமேறும் சுவரா என்பதைப் பொறுத்து ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளிலேயே எண்கள் மாறுபடுகின்றன. ஆகவே பக்கத்து ஸ்டுடியோக்காரர் வாங்கினார் என்பதற்காக மட்டும் நீங்களும் வாங்க வேண்டியதில்லை.

ஈரப்பதமானி காட்டுவது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டிலேயே சோதிக்கலாம். தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பைப் பாதியளவு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல்போல் ஆகும்படி குழையுங்கள். அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு மூடி, வெப்பம் அதிகம் மாறாத இடத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துவிடுங்கள். நிறைவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலே நிற்கும் காற்றின் ஈரப்பதம் நம் அறை வெப்பநிலையில் 75 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். கருவி 70 காட்டினால் அது 5 குறைத்துக் காட்டுகிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். கல் உப்பைப் பயன்படுத்த வேண்டாம். அதில் கலந்திருக்கும் வேறு உப்புகள் கணக்கைக் குழப்பும்.

பெட்டியிலேயே எண் தெரிகிறதே, தனிக் கருவி எதற்கு?

நான் முதலில் வாங்கிய பெட்டியின் முகப்பில் எப்போதும் 40 என்றே தெரியும். ஒரு ஐப்பசியில், சோதித்துச் சரிபார்த்த ஈரப்பதமானியை உள்ளே வைத்துப் பார்த்தால் 62. உணரி பழுதாகியிருந்தது. முகப்பை நம்பியே எத்தனை மாதம் கதவை மூடி வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அன்று முதல் மேல்தட்டில் ஒன்று, கீழ்த்தட்டில் ஒன்று என இரண்டு கருவிகள் என் பெட்டிக்குள் இருக்கின்றன.

சந்தையில் இரண்டு வகைப் பெட்டிகள் இருக்கின்றனவே, எதை வாங்குவது?

ஒரு வகை பெல்டியர் முறையில் இயங்குவது. மின்னோட்டம் பாயும்போது இரு வேறு கடத்திகளின் ஒரு சந்திப்பு சூடாகி மறுசந்திப்பு குளிரும் என்பதை 1834-இல் கண்டறிந்த பிரெஞ்சுக்காரர் ழான் பெல்டியர் பெயரால் அது வழங்குகிறது. பெட்டிக்குள் இருக்கும் குளிர்ந்த தகட்டில் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிந்து, பின்பக்கமாக வெளியேறி ஆவியாகிவிடும். மற்றது ஈர உறிஞ்சி முறை. சிலிக்கா ஜெல் அல்லது ஜியோலைட் நிரப்பிய சிறு பேழை உள்ளிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதனுள் இருக்கும் சூடேற்றி இயங்கி அந்த உறிஞ்சியைக் காய்ச்சும். அப்போது வெப்பம் பட்டால் வடிவம் மாறும் உலோகக்கலவைச் சுருள் ஒன்று உள்பக்கக் கதவை அடைத்து வெளிப்பக்கக் கதவைத் திறந்துவிடும். ஈரம் வெளியே போனதும் ஆறிப்போய் மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் பின்பக்கம் வெதுவெதுப்பாக இருப்பதும், எண் இரண்டொன்று ஏறி இறங்குவதும் இயல்பே.

சூழல் குளிரக் குளிரப் பெல்டியர் முறையின் திறன் குறையும். மார்கழி இரவில் நடுங்க வைக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தினருக்கு நான் உறிஞ்சி வகையையே பரிந்துரைப்பேன். தருமபுரி, காவேரிப்பட்டினம், ஊத்தங்கரை போன்ற தாழ்ந்த பகுதிகளில் இரண்டும் ஓடும். என் விருப்பம் அங்கும் உறிஞ்சி வகைதான், ஏனெனில் நீர் கசியும் தொல்லை அதில் இல்லை.

எத்தனை லிட்டர் பெட்டி போதும்?

லிட்டர் கணக்கைவிட உள்ளளவைப் பாருங்கள். ஒரு கேமரா, மூன்று லென்ஸ் வைத்திருப்பவருக்கு 30 லிட்டர் சரியாக இருக்கும். இரண்டு கேமராவும் பெரிய 70-200 ஜூம் லென்ஸும் வைத்திருக்கும் திருமணப் படப்பிடிப்பாளருக்கு 50 லிட்டருக்குக் குறைந்தால் நெருக்கடிதான். கிருஷ்ணகிரி அணையிலோ பாரூர் ஏரியிலோ பறவை எடுப்பவர்கள் தங்கள் 150-600 லென்ஸை அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். சுருக்கிய நிலையிலேயே அது சுமார் 26 சென்டிமீட்டர் வரும், மூடியோடு இன்னும் கூடும். படுக்க வைக்கும் ஆழம் உண்டா, அல்லது ஒரு தட்டை எடுத்துவிட்டு நிற்க வைக்க முடியுமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். இன்று இருப்பதற்கு மேல் பாதியளவு இடம் கூடுதலாக எடுப்பது நல்லது.

கதவு சரியாக மூடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவுக்கும் ரப்பர் பட்டைக்கும் நடுவே வைத்து மூடி, மெல்ல இழுங்கள். பிடித்து நிறுத்திப் பின் நழுவினால் நல்லது, தடையே இல்லாமல் வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. நான்கு மூலையிலும், முக்கியமாகக் கீல் பக்கத்திலும், இதைச் செய்யுங்கள்.

மின்சாரம் போனால் என்ன ஆகும்? கரண்டு பில் ஏறுமா?

கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேர மின்தடையால் ஒன்றும் ஆகாது. பூஞ்சை முளைக்க நாட்கணக்கில் ஈரம் வேண்டும். இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. செலவைப் பொறுத்தவரை, சிறிய பெட்டிகள் சராசரியாக எடுத்துக்கொள்வது சில வாட் மட்டுமே. 5 வாட் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் நம் மின்கணக்கில் அது ஏறத்தாழ 7 யூனிட். வாங்கும்போது பின்பக்க ஒட்டுச்சீட்டில் எழுதியிருக்கும் வாட் அளவைப் பார்த்து நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் எவற்றை வைக்கலாம், எவற்றை வைக்கக் கூடாது?

ஒரு சிறு கணக்கைச் சொன்னால் இது எளிதாக விளங்கும். 30 டிகிரி வெப்பத்தில் 30 லிட்டர் பெட்டியின் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் அதில் அடங்கும் நீர் ஒரு கிராமைத் தாண்டாது. அந்த ஒரு கிராமை வெளியேற்றுவது பெட்டிக்குப் பெரிய வேலையே இல்லை. தோல் உறை, பஞ்சு அட்டை, துணிப் பை, வியர்வை ஊறிய கழுத்து வார் ஆகியவைதான் பல மடங்கு நீரைத் தம்முள் பிடித்து வைத்திருந்து, மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. பூஞ்சைக்கு உணவாகும் இழையும் அழுக்கும் அவற்றில்தான் இருக்கின்றன. எனவே லென்ஸை உறையிலிருந்து எடுத்து வெறுமனே வையுங்கள். முன்மூடி, பின்மூடி இருக்கலாம். உள்ளே வைக்கும் முன் கண்ணாடியில் பதிந்த விரல் ரேகையைத் துடைத்துவிடுங்கள், அந்த எண்ணெயும் பூஞ்சைக்குத் தீனிதான்.

ஃபிளாஷில் இருக்கும் பென்சில் செல்களைக் கட்டாயம் கழற்ற வேண்டும், அவை கசிந்தால் ஃபிளாஷ் போய்விடும். லித்தியம் பேட்டரிகளை நீண்ட நாள் வைப்பதானால் பாதியளவு சார்ஜில் வையுங்கள்.

பழைய ஸ்டுடியோ நெகட்டிவ்களையும் வைக்கலாமா?

வைக்கலாம். ஜெலட்டின் பூச்சைப் பூஞ்சை மிக விரும்பும் என்பதால் வைப்பதே நல்லது. புளிக்காடி வாசம் அடிக்கும் நெகட்டிவ்களை மட்டும் தனியாகப் பிரித்து, காற்றோட்டமான வேறிடத்தில் வையுங்கள். அவை சிதைந்துகொண்டிருக்கின்றன, வெளிவரும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் மற்றவற்றையும் கெடுத்துவிடும்.

அரிசி, அந்துருண்டை, கற்பூரம் போட்டு வைத்தால் போதாதா?

அரிசி நன்றாக உறிஞ்சாது, தவிடும் மாவும் லென்ஸின் இடுக்கில் புகும், வண்டும் வரும். அந்துருண்டையும் கற்பூரமும் இன்னும் மோசம். அவை ஆவியாகி, குளிர்ந்த கண்ணாடியின்மேல் மீண்டும் படலமாகப் படியக்கூடியவை. பட்டுப் புடவைக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் செய்தது லென்ஸுக்குப் பொருந்தாது.

மின்பெட்டி வாங்க வசதியில்லை என்றால் என்ன செய்வது?

ரப்பர் வளையமும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள பிளாஸ்டிக் டப்பா, 100 கிராம் சிலிக்கா ஜெல், ஓர் ஈரப்பதமானி ஆகிய மூன்றும் போதும். கல்லூரி மாணவர்களுக்கும் இப்போதுதான் தொழில் தொடங்குகிறவர்களுக்கும் நான் இதையே சொல்கிறேன், பெட்டியைவிட இது தாழ்ந்த வழி என்றும் நான் நினைக்கவில்லை. மேலே சொன்ன ஒரு கிராம் கணக்கின்படி, மூடி இறுக்கமாக இருந்து தோலும் துணியும் உள்ளே இல்லாவிட்டால், அவ்வளவு ஜெல் பல வாரம் தாங்கும். எண் 35-க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள், 50-ஐத் தாண்டினால் ஜெல்லைக் காய்ச்சுங்கள். நீல ஜெல் ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு ஜெல் கரும்பச்சையாகும். நீல நிறத்துக்குச் சேர்க்கப்படும் கோபால்ட் குளோரைடு உடலுக்குத் தீங்கானது, எனவே ஆரஞ்சு வகையையே கேட்டு வாங்குங்கள். 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய்ந்தால் நிறம் திரும்பும். சமையலுக்குப் புழங்கும் சட்டியில் மட்டும் அதைச் செய்ய வேண்டாம். காய்ச்சிய ஜெல் முழுதாக ஆறிய பிறகே டப்பாவுக்குள் போக வேண்டும்.

வீட்டில் பெட்டியை எங்கே வைப்பது?

வெளிச்சுவரை ஒட்டாமல், பின்பக்கம் நான்கு விரல் இடைவெளி விட்டு, வெயில் நேரடியாக விழாத இடத்தில். சமையலறையின் எண்ணெய்ப் புகை எட்டக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்திலும் வேண்டாம், அதிலிருந்து வரும் அமில ஆவி நல்லதல்ல. தரையில் வைப்பதை அடியோடு தவிர்த்துவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை நாம் பார்த்தோம். வறண்ட மாவட்டம் என்ற நம்பிக்கையில் கீழ்த்தட்டில் பொருள் வைக்கக் கூடாது என்று அன்று புரிந்தது. இடுப்புயர மேசை போதும்.

ஒகேனக்கல்லில் படம் எடுத்து வந்தவுடன் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துவிடலாமா?

கூடாது. அருவிச் சாரலிலும் பரிசல் பயணத்திலும் நனைந்த கேமராவை அப்படியே அடைத்தால், அந்த நீர் உள்ளே இருக்கும் மற்ற லென்ஸ்களுக்கும் பரவும். உலர்பெட்டி ஈரக் காற்றுக்கானது, நனைந்த பொருளைக் காயவைக்க அல்ல. பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் ஓரிரவு வைத்து, மறுநாள் உள்ளே வையுங்கள். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வரும்போதும் இதே கவனம் வேண்டும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டால் கேமரா வெளிவெப்பத்துக்கு வந்துவிடும், கண்ணாடியில் பனி படியாது.

ஏற்கெனவே பூஞ்சை பிடித்த லென்ஸைப் பெட்டியில் வைத்தால் சரியாகிவிடுமா? மற்றவற்றுக்குத் தொற்றுமா?

சரியாகாது, வளர்ச்சி மட்டும் நிற்கும். பூஞ்சையின் வித்துகள் எல்லாக் காற்றிலும் எப்போதும் இருப்பவை. 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கும்வரை ஒரு லென்ஸிலிருந்து அடுத்ததற்குப் பரவும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் துடைத்துச் சுத்தம் செய்யும்வரை அதைத் தனி டப்பாவில் வைப்பதே என் வழக்கம். வெளிக்கண்ணாடியில் மட்டும் இருந்தால் லென்ஸ் துடைக்கும் திரவத்தால் நீங்களே எடுத்துவிடலாம். உள்ளே இருந்தால் பிரிக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும், தாமதிக்க வேண்டாம். இழை படர்ந்து சில வாரமே ஆகியிருந்தால் பூச்சு தப்பிக்க வாய்ப்பு உண்டு. கொடுக்கும் முன் டார்ச் வெளிச்சத்தில் லென்ஸைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது எது போயிருக்கிறது, எது நின்றிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.